மெய்யுறையின் உட்பக்கம்

நிலவில் தீ மூட்டினால் ஆயுள் தண்டனை. ஒரு பிணத்தை எரிக்கும் காற்றில் ஒரு குடும்பம் ஒரு மாதம் மூச்சுவிடலாம்.

ஆகவே இறந்தவர்களை வெளி வெற்றிடத்தில் உலர்த்தி, துணி சுற்றி, மெய்யுறைக்குள் வைத்தார்கள். பழைய எகிப்தியரைப் போலவே வீணான தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி, சுண்ணம் பூசி, மேலே அவரவர் முகத்தை வரைந்தார்கள். புதிதாக வந்தது காலப்பசை ஒன்றுதான். அது இறுகிவிட்டால் கத்தியோ அமிலமோ பிரிக்க முடியாது. ஐயாயிரம் ஆண்டு உத்தரவாதம். பெரிய மனிதர்கள் உயிரோடு இருக்கும்போதே உறை செய்து பொதுமண்டபத்தில் நிறுத்தினார்கள்.

குற்றவாளிகளுக்கு உறை கிடையாது. உரத்தொட்டிதான். ஊருக்கான கீரை அதில் வளர்கிறது.

உறை செய்பவனான நன்மாறனின் மனைவி செவ்வந்தி அங்கேதான் போனாள். ஆறாம் கூடத்தில் காற்றடைப்பு பிளந்து பதினேழு பேர் இறந்தார்கள். அவளும் ஒருத்தி. அடைப்பைச் சோதிக்கும் வேலை அவளுடையது. அவள் சோதிக்கவே இல்லை என்றது விசாரணை. அன்று முதல் நன்மாறன் கீரை தொடவில்லை.

எட்டு மாதம் கழித்து, காற்றுத்துறைத் தலைவர் தண்டபாணி உறைக்கு அளவு கொடுக்க வந்தார். அந்த விசாரணையை நடத்தியவரும் அவர்தான். நன்மாறன் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"மூக்கைக் கொஞ்சம் எடுப்பா வரைங்க தம்பி. ஐயாயிரம் வருஷம் பார்க்கப் போறாங்க."

"சரி சார்."

"இருக்கிற மூக்கே போதும்னு சொல்வீங்கன்னு பார்த்தேன்!" சிரித்தார். ஒரு தாள்கட்டை நீட்டினார். "இதையும் உள்ளே ஒட்டிடுங்க. பழைய தாள். மறுசுழற்சி ஆலையில போட்டா இயந்திரம் ஒவ்வொண்ணையும் படிச்சுப் பதியும். தொந்தரவு."

"இறுகினா அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது சார்."

"அதான் வேணும்."

அவர் போனதும் நன்மாறன் கட்டைப் பிரித்தான். செவ்வந்தியின் கையெழுத்து. திரையில் இருப்பதைத் திருத்திவிடலாம் என்பதால் சோதனை அறிக்கைகள் மட்டும் இன்னும் தாளில்தான். 'ஆறாம் கூடம். அடைப்பில் விரிசல். உடனே மாற்றவும்.' மூன்று தேதிகள், மூன்று தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும், 'அடுத்த ஆண்டு பார்க்கலாம். தண்டபாணி.'

புகார் கொடுத்தால் தாள்கள் அவர் மேசைக்கே திரும்பும். நன்மாறன் சொன்னபடி ஒட்டினான். மூடியின் உட்பக்கத்தில், எழுத்து தெரியும்படி. அதன்மேல் சுண்ணம் பூசவில்லை.

திறப்பு நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. தண்டபாணியே மூடியைத் திறந்தார். முன்வரிசையில் ஆறாம் கூடத்தில் மகனை இழந்த ஒருத்தி இருந்தாள். அவள்தான் உரக்கப் படித்தாள். மூன்றையும்.

தண்டபாணி நகத்தால் சுரண்டினார். நகம் பெயர்ந்தது.

"கிழிடா இதை!"

"பிரியாது சார்."

"எரிச்சுத் தொலைடா!"

"நிலவுல தீ மூட்டினா ஆயுள் தண்டனை சார்."

மூன்றாம் ஆண்டில் தண்டபாணி சிறையில் இறந்தார். உரத்தொட்டிக்குப் போனார். அழிக்க வழியில்லாமல் உறை மட்டும் மண்டபத்தில் காலியாக நிற்கிறது. மூக்கு எடுப்பாகவே இருக்கிறது.

அடுத்த அறுவடையன்று நன்மாறன் உணவகத்தில் கீரை கேட்டான். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான்.