கரி படாத கையெழுத்து

அந்தப் பெண் படியேறி வந்தபோது கம்பவுண்டர் கையிலிருந்த செய்தித்தாளை மடிக்கக்கூட இல்லை. அப்படியே நாற்காலிக்கு அடியில் தள்ளினார். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். நண்பரின் துப்பறியும் வேலைக்குக் கூடமாட இருக்கும் இந்த நாலு வருடத்தில், யார் செத்தாலும் அவருக்கு முதலில் விஷம்தான் நினைவுக்கு வரும். நண்பர் நேர் எதிர். வெள்ளம் வாசலுக்கு வந்தாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்பதால் ஊரே அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தது.

அவள் ஒரு தையல் கடையில் வேலை பார்ப்பவள். கணவர் வீட்டிலேயே புத்தகங்களுக்கு பைண்டிங் செய்துவந்தார். பன்னிரண்டு நாளுக்கு முன்பு, கடையிலிருந்து அவள் சாயங்காலம் திரும்பியபோது அவர் வேலை மேஜைமேல் தலை சாய்த்துக் கிடந்தாராம். உடம்பு சில்லிட்டிருந்தது. வந்து பார்த்த டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கணவரின் அண்ணன் மட்டும் அதை நம்பவில்லை. நீதான் சோற்றில் எதையோ கலந்தாய் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறு வயது மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன் என்பது அவர் வைத்திருந்த கெடு. அன்று வியாழக்கிழமை.

"அவரு வாய்க்கு வந்ததைப் பேசற ஆளு இல்ல சார். அதான் பயமா இருக்கு" என்றாள் அவள். "ரெண்டு மூணு மாசமா எங்க வீட்டுக்காரருக்குத் தலைவலி, குமட்டல். எங்க வீட்டுல இருந்தா வரும். அண்ணன் வீட்டுக்குப் போனா ஒரு மணி நேரத்துல சரியாயிடும். அப்போ சாப்பாட்டுலதானே ஏதோ இருக்கணும்னு கேக்கறாரு. நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன். எங்கிட்டயும் பதில் இல்ல."

நிதானம் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் சமைத்ததை அண்ணன் வீட்டில் வைத்து அவர் சாப்பிட்டதுண்டா? உண்டு. ஒரு விடுமுறை நாளில் அவளே சமைத்து எல்லோருக்குமாக எடுத்துப்போனாள். அன்று அவர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை. மகளுக்குத் தலைவலி வருமா? பள்ளி இருக்கும் நாளில் பட்டாம்பூச்சி. லீவு நாளில் மத்தியானமே சுருண்டு படுத்துக்கொள்வாள். அந்தப் பெண்ணுக்கே வருமா? அவள் சற்றுத் தயங்கினாள். நாலு மாதத்துக்கு முன்பு இரண்டாவது குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனதாகவும், அதற்குப் பிறகு தலைவலியை எல்லாம் தான் ஒரு வலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னாள். கம்பவுண்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

கடைசியாக, இறந்தவரின் முகம் எப்படி இருந்தது என்று நிதானம் கேட்டார்.

"செத்த மாதிரியே இல்ல சார். கன்னமெல்லாம் செவந்து, வெயில்ல நடந்துட்டு வந்து தூங்கற மாதிரி இருந்தாரு."

மறுநாள் காலை இருவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். குளிர் ஊர். மாடியும் கீழுமாகச் சின்ன வீடு. கீழ் அறைதான் பைண்டிங் அறை: நடுவில் மேஜை, அழுத்தும் இயந்திரம், நூல்கண்டுகள், பசைச் சட்டி, குளிர்காய விறகெரிக்கச் சுவரோடு ஒரு கணப்படுப்பு. ஜன்னல் இடுக்குகளையெல்லாம் காகிதப் பட்டை வைத்து ஒட்டியிருந்தது. காற்று வந்தால் ஈரத் தாள் சுருண்டுவிடும், குளிர் காலத்தில் இப்படித்தான் ஒட்டிவிடுவார் என்றாள் அவள். தொழில்காரர் ஒட்டிய ஒட்டு. ஊசி நுழைய இடமில்லை.

கம்பவுண்டர் நேராகப் பசைச் சட்டிக்குப் போய்ப் பசையின் நீல நிறத்தைப் பார்த்துவிட்டு, வேட்டைநாய் போல நிமிர்ந்தார். "மயில்துத்தம் சார். விஷம்."

"பூச்சி அரிக்காம இருக்கப் போடறதுதானே? பதினஞ்சு வருஷமா அவரே கலக்கியிருக்கார். இந்த ரெண்டு மூணு மாசத்துல மட்டும் அதுக்கு என்ன வந்துது?" என்றார் நிதானம்.

பிறகு அவர் கணப்படுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அடுப்பு வாய்க்கு மேலே சுவரில் விசிறி மாதிரி ஒரு கறுப்புக் கறை. மூன்று முறை துடைத்தும் திரும்பத் திரும்ப வருகிறது என்றாள் அவள். சாம்பலைக் கிளறியபோது தார் போல மினுங்கும் கரிச் செதில்களும், சுட்ட மண்ணின் நாலைந்து சில்லுகளும் கிடைத்தன. சில்லுகளைப் பார்த்து, மகளின் சொப்புச் சாமான் உடைந்திருக்கும் என்றாள். தீ எப்படி எரியும் என்று கேட்டதற்கு, முன்பெல்லாம் குபுகுபுவென்று எரியும், இந்தக் குளிரில்தான் மஞ்சளாகச் சோம்பிக்கொண்டு எரிந்தது, விறகு ஈரம் என்று நினைத்தோம் என்றாள். மாடியில், புகைபோக்கி ஏறிப் போகும் சுவரில், ஆள் உயரத்துக்குப் பழுப்பாக ஈரம் கோத்திருந்தது.

"சிம்னியைச் சந்தேகப்படறீங்களா? அதுக்கு வழியில்ல சார்" என்றார் கம்பவுண்டர். அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய ஒரு தடித்த அட்டையைக் காட்டினார். புகைபோக்கி சுத்தம் செய்பவர் ஒவ்வொரு வருடமும் வேலையை முடித்ததும் தேதி போட்டு அதில் கையெழுத்திடுவார். பத்து வரிகள் இருந்தன. முதல் ஒன்பதும் கட்டைவிரல் கரி அப்பி ஒரே மெழுகல். தேதியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. "இந்த வருஷமும் பண்ணியாச்சு, பாருங்க. இருக்கறதுலயே இதுதான் சுத்தமா எழுதியிருக்கு."

நிதானம் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ஆமா, ரொம்ப சுத்தம்" என்று மட்டும் சொன்னார். அண்ணனையும் சுத்தம் செய்பவரையும் மத்தியானம் இதே அறைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

அண்ணன் வந்து கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. புகைபோக்கி சுத்தம் செய்பவரை ஊரில் கரியண்ணன் என்பார்கள். அறுபதை நெருங்கிய மனிதர். அட்டையைப் பார்த்ததுமே அவர் தலை குனிந்துவிட்டது.

நிதானம் ஒரு காகிதத்தைக் கசக்கிக் கொளுத்தி அடுப்புக்குள் போட்டார். புகை மேலே ஏறப் பார்த்தது, தயங்கியது, பிறகு சுருண்டு அறைக்குள்ளேயே திரும்பியது. அவர் ஜன்னலில் ஒட்டியிருந்த பட்டைகளைக் கிழித்துத் திறந்துவிட்டார். ஒரு கைக்கண்ணாடியை அடுப்புக்குள் சாய்த்துப் பிடித்து அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மேல வானம் தெரியணும். தெரியுதா?"

அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு இல்லை என்று தலையசைத்தார்.

"உங்க கணக்கு சரிதான். இந்த வீட்டுல இருந்தா உடம்பு கெட்டுது, உங்க வீட்டுக்கு வந்தா சரியாச்சு. ஆனா இங்க அவரு சாப்பிட மட்டும் இல்லியே, மூச்சும் விட்டாரே. இவங்க சமைச்சதை உங்க வீட்டுல சாப்பிட்ட அன்னிக்கு ஒண்ணும் ஆகலை. இவங்க பகல்ல கடையில, பாப்பா ஸ்கூல்ல. நாள் பூரா இந்த அடுப்புக்கு முன்னால இருந்தது அவரு ஒருத்தர்தான்."

மற்றதை அவர் நிதானமாக விளக்கினார். அந்தச் சில்லுகள் சொப்பு அல்ல, புகைபோக்கியின் உள்ளே பதித்த மண்குழாயின் துண்டுகள். குழாய் மேலே வெடித்து உடைந்து, விழுந்த துண்டு குறுக்கே சிக்கி, அதன்மேல் எடுக்காமல் விட்ட கரி குவிந்துவிட்டது. வெடிப்பு வழியாக ஈரம் மாடிச் சுவருக்கு இறங்கியது. வழியில்லாத புகை கீழே திரும்பிச் சுவரில் கறையானது. காற்று இழுக்காததால்தான் தீ சோம்பி எரிந்தது. வீடு இரண்டு மூன்று மாதமாக ஒவ்வொரு அடையாளமாகக் காட்டியிருக்கிறது. பார்க்கும் மனநிலையில் அங்கே யாரும் இல்லை.

"புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. ரத்தத்துல கலந்தா முகம் செவந்துடும்" என்றார் கம்பவுண்டர் மெதுவாக. நேற்றுக் கேட்ட அந்த ஒரு வார்த்தையில் தனக்கு இது தட்டியிருக்க வேண்டும் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. கடைசியில் விஷம்தான் என்று ஆகிவிட்டது. அவருக்கு அதில் ஒரு பொட்டுச் சந்தோஷமும் வரவில்லை.

நிதானம் அட்டையைக் கரியண்ணனிடம் நீட்டினார். "ஒன்பது வருஷம் கரிக் கையோட போட்ட கையெழுத்து. பத்தாவதுல ஒரு புள்ளி கரி இல்ல. நீங்க சுத்தம் பண்ணவே இல்ல."

கரியண்ணன் மறுக்கவில்லை. அன்று தான் வாசலோடு திரும்பிப் போனதாகவும், கையெழுத்துப் போட்ட கையோடு பழக்கதோஷத்தில் தன் நோட்டிலும் டிக் அடித்துவிட்டதாகவும் சொன்னார். டிக் அடித்த வீட்டை அந்த வருடம் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்து நாளில் நானே கூப்பிடுகிறேன் என்ற வீட்டுக்காரரும் மறந்துபோனார்.

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "என் தம்பி போன ஆத்திரத்துல கண்ணு தெரியாமப் போச்சும்மா. பாப்பா உங்கிட்டதான் இருக்கணும். என்னை மன்னிச்சிடு" என்றார்.

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "வாசலோட ஏன் போனீங்க?" என்று கரியண்ணனைக் கேட்டாள்.

கரியண்ணன் நிதானத்தைப் பார்த்தார். சொல்லிவிட வேண்டாமே என்று கம்பவுண்டர் மனதுக்குள் வேண்டிக்கொண்டார். நிதானம் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்; கேட்பவளுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

"உங்க வீட்டுக்காரருதாம்மா அனுப்பினாரு. உதட்டுல விரலை வெச்சுக்கிட்டு வந்தாரு. குழந்தை போனதுலேருந்து ஒன்பது நாளா அவ கண்ணு மூடலை, இப்பதான் தூங்கறா, நீங்க பிரஷ் போட்டா சத்தத்துல முழிச்சுடுவான்னாரு. கார்டுல மட்டும் போட்டுட்டுப் போங்க, இல்லேன்னா வேலை முடியலையேன்னு அவ எழுந்து உக்காந்துடுவான்னாரு."

அவள் மேஜையின் விளிம்பை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு நான் தூங்கல" என்றாள். "எனக்காக அவரும் ஒன்பது நாளா தூங்காம இருந்தாரு. நான் தூங்கிட்டா அவரும் கொஞ்சம் படுப்பாருன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தேன். கதவு தட்டினது கேட்டுது. அவரு மெதுவாப் பேசினதும் கேட்டுது. எழுந்து போனா தூங்கலன்னு தெரிஞ்சிடுமேன்னு அப்படியே கெடந்துட்டேன்."

கம்பவுண்டருக்குத் தெரிந்த எந்த மருந்தும் அதற்கு இல்லை. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பள்ளி விட்டு வந்த மகள் வாசல் கதவைத் தட்டினாள். தாய் உடனே எழுந்து போய்த் திறந்தாள்.