கபூர் கார்டில் ஐந்து எழுத்து

"யாருக்குங்க போன்?"

"இரத்தினக்கல் வியாபாரி கபூருக்கு. ஏன், உன்கிட்ட பெர்மிஷன் கேக்கணுமா?"

நேற்று மாலை ஏழு மணிக்கு, குருவிட்ட தோட்டத்துப் பங்களாவில் நடந்த பேச்சு. துஷ்யந்திக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை.

காரணம்... கபூர் இப்போது பிணம்!

இரத்தினபுரியில், தன் கடைக்குள்ளேயே, மண்டை உடைந்து கிடந்தார். ஏழரைக்குக் கடையில் பிடிபட்டவன் கல் பட்டை தீட்டும் நிரோஷன்.

துஷ்யந்தியின் தம்பி!

"அவன் உள்ள போனப்பவே அவர் செத்துக் கிடந்தாராம் சார்..." துஷ்யந்தி கெஞ்சினாள்.

இன்ஸ்பெக்டர் றிப்தி வாய் திறப்பதற்குள் துஷ்யந்தியின் கணவன் இந்திரகுமார் சிரித்தான். தோட்டத்துச் சின்னதுரை, அதாவது உதவி மேனேஜர். உடம்பில் பாதி எடை தலைக்கனம்.

"ரப்பர் பால் வெட்டுற கூலிக் குடும்பம் சார். வேற என்ன சொல்லுவான்? ஏழு மணிக்கு கபூர் உயிரோட என்கூட பேசினாரு. இவளே பக்கத்துல நின்னா. சொல்லேன்டி!"

"பேசினாரு சார்... கபூரோட விசிட்டிங் கார்டைப் பார்த்துப் பார்த்துத்தான் இவரு டயலைச் சுத்தினாரு."

உண்மையைத்தான் சொன்னாள். அது தம்பியின் கழுத்தில் கயிறாக விழுந்தது!

"எந்த போன்ல துரை?" என்றார் றிப்தி.

"இதுலதான். இங்க ஹேண்ட் போனுக்கு சிக்னல் ஏது?"

மேசை மேல் ஒரு கறுப்பு டெலிபோன். வெள்ளைக்காரத் துரை விட்டுப் போனது. வட்ட டயலில், எண்களோடு இங்கிலீஷ் எழுத்துகளும்.

"நம்பர்?"

கார்டை வீசினான். "ரெண்டு, ரெண்டு, அப்புறம் இங்கிலீஷ்ல ஸ்டோன். அஞ்சு எழுத்து. டயல்ல தேடி சுத்துனா சரி. போலீஸ்ல எழுத்தெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களோ?"

"தரல துரை. ஒருக்கா சுத்திக் காட்டுங்களேன்."

இந்திரகுமார் அலுப்போடு சுழற்றினான்.

ரெண்டு... ரெண்டு... எஸ்... டி... ஓ... என்... ஈ...

மணி போனது. ரிசீவர் அலறியது.

"ஹலோ, கோழிக்கடை! முழுசா வேணுமா, வெட்டித் தரவா?"

"லைன் கோளாறு!" என்று கத்தினான்.

"திரும்ப சுத்துங்க."

சுழற்றினான்.

"அட, முழுசா, வெட்டியான்னு கேக்கிறேன்ல!"

றிப்தி தன் ஹேண்ட் போனை எடுத்து டயலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்க. இந்தப் பழைய டயல்ல ஓ சைபரோட நிக்குது. இப்ப வர்ற போன்ல ஓ ஆறுல இருக்கு. கபூர் கார்டு அடிச்சது இப்ப உள்ள போனுக்கு. இதுல கார்டைப் பார்த்து சுத்தினா கோழிதான் வரும், கபூர் வரமாட்டார்! நேத்து யாரோட பேசினீங்க?"

இந்திரகுமாரின் நெற்றியில் வேர்வை.

"ஏழு மணிக்கு முன்னாடியே அவரை முடிச்சிட்டு வந்து, போன் கொக்கியை அமுக்கிப் பிடிச்சிக்கிட்டே பெண்சாதி முன்னால நாடகம். அப்படித்தானே?"

பயந்தவன் வாயை மூடியிருப்பான். இவனுக்குத் திமிர் முந்திக்கொண்டது.

"தோட்டத்து ஓடையில நான் எடுத்து அவன்கிட்ட குடுத்த நீலக்கல் சார்! திருப்பித் தர முடியாதுன்னு ஒரு கடைக்காரன் என்கிட்ட சொல்றதா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது!

க்ளிக்! விலங்கு.

"மரம் மாதிரி நிக்காத! லோயருக்குப் போன் பண்ணு!"

துஷ்யந்தி டெலிபோன் பக்கம் திரும்பவேயில்லை. கல்யாணமாகி ஆறு வருடமாகக் கேட்காததை றிப்தியிடம் கேட்டாள்.

"சார், ஸ்டேஷன்ல தம்பியை ஏத்திக்கிட்டு, என்னையும் தெஹியோவிட்டயில எங்க அம்மா வீட்டுல விட்டுடுறீங்களா? ரப்பர் வெட்டுற வீடுன்னு இவரு ஒரு தடவைகூட அனுப்பினதில்ல. ஜீப்ல முன் சீட்டு எங்களுக்குப் போதும்... துரைக்குப் பின்னால கம்பி போட்ட ஸ்பெஷல் கிளாஸ் இருக்கே!"