பிளாஸ்டருக்குள் ஈரம்

“ஓம் சர்மிலா, வேரெல்லாம் களியாப் போச்சு. ஆனா இலை மட்டும் பச்சைப் பசேலெண்டு நிக்குது. அதுதான்டி எனக்குப் பயம்.”

“தண்ணியக் கூட ஊத்தியிருக்காய் புள்ள. ஸ்நேக் பிளான்டுக்குத் தண்ணிதான் எமன். அழுகினத வெட்டிப்போட்டு நல்ல மணலுக்குள்ள நடு. மறுகா ரெண்டு கிழமைக்கு அந்தப் பக்கமே போகாத.”

தோழி சர்மிலா சொல்லி முடிக்க, சுஜீவா போனை வைத்தாள். கல்லடியில் நாலு நாளாக அடைமழை. காய்ந்த மணலுக்கு எங்கே போவது? அதுவோ அவள் கணவன் பிறின்ஸின் செத்துப்போன முதல் மனைவி ஞானமலர் வைத்த செடிக்கண்டு. செத்தால் அவன் வாயாலேயே கொன்றுவிடுவான். மோட்டார் சைக்கிளில் விழுந்து, முழங்கால்வரை பிளாஸ்டரோடு படுத்திருப்பவன். வெள்ளிக்கிழமை அதை வெட்டி எடுத்தால் நடந்துவிடுவான் என்று அவள் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

பின்கதவடியில் நனையாமல் அரை உரப்பை மணல் இருந்தது. ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஞானமலரின் கல்லறையில் புது மணல் பரப்பியபோது வழித்தெடுத்த பழைய மணல். கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் வாசலிலேயே கொட்ட வேண்டியது. மறந்து ஆட்டோவில் கூடவே வந்துவிட்டது. கல்லறை மண் வீட்டுக்குள் வரக்கூடாதென்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் மணல் மணல்தானே? நட்டாள்.

மூன்றாம் நாளே கண்டு புதுக் குருத்து விட்டது. அழுகியது அத்தனை சீக்கிரம் துளிர்க்காது.

அன்று பின்னேரம் ஓட்டில் மழை இரைய, யன்னலால் வந்த வாவிக்காற்றில் சேறும் வாடிய பூவும் கலந்த மணமொன்று அறை முழுக்க ஊறியது; அவள் கண்டு நின்ற சாடியை முகர்ந்தாள், அதில் இல்லை, பாயை முகர்ந்தாள், அதிலும் இல்லை, கடைசியில் குனிந்து குனிந்து பிறின்ஸின் காலடிக்கு வந்து நின்றாள். சாடியைச் சுற்றிப் பறந்த பொடிக் கறுப்புப் பூச்சிகள் இப்போது அவன் விரல்களைச் சுற்றின. விரலிடுக்கில் பஞ்சுபோல ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. போன மாதம் கண்டின் இலையடியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாளே, அதே மாவுப்பூச்சி.

துடைத்தாள். நசுங்கியது.

“இஞ்சாருங்க, நோகுதா?”

“நோகல்ல. காயுது. உள்ளுக்கு ஒரு கோப்பை தண்ணி ஊத்து.”

“பிளாஸ்டருக்குள்ளயா? விசரா உங்களுக்கு? நனைக்கவே கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்.”

“ஞானமலரெண்டா ஊத்தியிருப்பாள்.” சிரித்தான். “கண்டுக்கு வாளி வாளியா ஊத்தினாய். புருசனுக்கு ஒரு கோப்பைக்கும் பஞ்சமோ?”

அந்தப் பெயர் சுட்டது. ஊற்றினாள். ஒரு கோப்பை. இரண்டு. ஐந்து. கட்டிலில் ஒரு துளி ஈரம் இல்லை. உள்ளே ஏதோ உறிஞ்சும் சத்தம் மட்டும்.

“இன்னும்.”

“போதும்.”

“இன்னும் புள்ள.”

பெருவிரலைத் தொட்டாள். நகம் கழன்று கையோடு வந்தது. இரத்தம் இல்லை. பழுப்பு நீர். அவன் முகம் சுளிக்கவில்லை.

வெள்ளிவரை பொறுக்க முடியாது. குசினிக் கத்தியை எடுத்துவந்து பிளாஸ்டரைக் கீறினாள். ஈரமாகப் பிளந்தது.

உள்ளே கால் இல்லை.

செம்மஞ்சள் வேர்கள். விரல் தடிப்பில். இடம் போதாத சாடிக்குள் சுற்றுவதுபோல ஒன்றையொன்று நெரித்தபடி. தசை இல்லை. எலும்பு இல்லை.

“மெதுவா,” என்றான் பிறின்ஸ். குரலில் அப்படியொரு கனிவை அவள் கல்யாண நாளிலும் கேட்டதில்லை. “அறுந்திரும்.”

அவன் உடுத்திருந்த சாரத்தை விலக்கினாள். முழங்காலுக்கு மேலே தோல் இன்னும் தோலாகத்தான் இருந்தது. அதன் அடியில் ஒரு தடிப்பு நகர்ந்தது. தொடை. இடுப்பு. இப்போது தொப்புள்.

கத்தி அவள் கையில். அவன் சிரிக்கிறான்.

சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் எந்த இடத்தில் வெட்டுவீர்கள்?