பன்னிரண்டு பேரின் வேர்வை

கத்திரி தொடங்கிய நான்காம் நாள் காலை ஐந்தரை மணிக்கு, குடியிருப்பின் நடைபாதையில் எஸ்தரைத் தவிர யாரும் இல்லை. எஸ்தரும் நடக்க வரவில்லை. யார் நடக்கிறார்கள் என்று பார்க்கத்தான் வந்திருந்தாள்.

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. அதற்குள் வெப்பமானி முப்பத்தாறு காட்டியது. வேலூரில் இப்போதெல்லாம் மே மாதத்தில் நாற்பத்தேழைத் தொடாத நாள் குறைவு. எட்டு மணிக்கு மேல் தெருநாய்கூட வெளியே வராது. நடப்பதென்றால் இந்த இரண்டரை மணி நேரத்துக்குள் நடந்தால்தான் உண்டு. ஒன்றாக நடக்கச் சேர்ந்த பன்னிரண்டு பேரில் வேறு ஒருவரையும் காணோம். லிஃப்ட் பக்கத்துச் சுவரில் இருந்த வளையப் பலகையைப் பார்த்தாள். அன்றைய கணக்கு: சுழியம்.



இரண்டு வருடங்களுக்கு முன் பகிர்பட்டை வந்தபோது அதை நோயாளிகளுக்காகத்தான் கொண்டுவந்தார்கள். உழைக்கிற தசை இரத்தத்தில் சில செய்திப் பொருள்களைக் கலக்கிறது. சர்க்கரையை எரி, இரத்தக் குழாயை இளக்கு, இதயத்தைச் சீராக்கு என்று உடம்புக்குச் சொல்வது அவைதான். நடப்பவரின் கையில் கட்டிய பட்டை அவற்றை வாங்கிக்கொண்டு, வளையத்தில் சேர்ந்தவர்கள் அனைவர் உடம்பிலும் சமமாகச் சுரக்கவைக்கும். ஒருவர் நடந்தால் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பங்கு. அளவுக்கு ‘வேர்வை’ என்று பெயர் வைத்தார்கள். வேகமாக ஒரு மணி நேரம் நடந்தால் பன்னிரண்டு வேர்வை. ஆளுக்கு மூன்று வீதம், பன்னிரண்டு பேர் வளையத்துக்கு ஒரு நாளைக்கு முப்பத்தாறு வேண்டும். எட்டினால் பலகை பச்சை, எட்டாவிட்டால் மஞ்சள். தொடர்ந்து மூன்று நாள் மஞ்சள் என்றால் வளையத்தைக் கலைத்துவிடுவார்கள்.

யார் எவ்வளவு நடந்தார் என்பதை மட்டும் பலகை சொல்லாது. படுத்த படுக்கையாக இருப்பவர் கூசக்கூடாது என்று அப்படி ஒரு விதி.

இந்த வளையம் எஸ்தரின் கணவர் ஞானப்பிரகாசத்துக்காக உண்டானது. பள்ளியில் முப்பது வருடம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் பி.டி. சார். அறுபத்திரண்டு வயதில் இதயம் பாதிக்குமேல் தளர்ந்துபோனது. நாளைக்கு இருபது நிமிடத்துக்குமேல் நடக்கக்கூடாது என்று டாக்டர் கட்டளை. அப்போது அக்கம்பக்கத்தார் தாங்களாகவே வந்து, “சாருக்காக நாங்க நடக்கறோம்” என்று கையை நீட்டிப் பட்டை கட்டிக்கொண்டார்கள். எஸ்தர் அன்று அழுதேவிட்டாள். பொறுப்பாளர் வேலையையும் அவளே ஏற்றுக்கொண்டாள். ஆறே மாதத்தில் அவர் இரண்டு மாடி ஏறினார். மற்றவர்களுக்கும் பலன் இருந்தது. மூன்றாம் மாடி சம்பந்தத்துக்கு இரத்த அழுத்த மாத்திரை பாதியானது. பள்ளி ஆசிரியை ஷாஹிதாவுக்கு மூட்டுவலி போனது.

இந்தக் கோடையில்தான் நடைபாதை காலியானது.

எஸ்தர் குடியிருப்பின் பொது அடுக்களையை நடத்திவந்தாள். காலைச் சாப்பாட்டை வீடு வீடாகக் கொடுக்கப் போகும்போது மெல்லப் பேச்செடுத்தாள்.

சம்பந்தம் கேழ்வரகுப் புட்டையும் மோரையும் வாங்கிக்கொண்டு, “இன்னா வெயிலு எஸ்தரு, கதவைத் திறந்தாலே மூஞ்சில அறையுது” என்றார்.

“காலைல நடந்தீங்களா அண்ணே?”

“நான் ஒருத்தன் நடக்காததாலயா கெட்டுப்போச்சு? நேத்துகூடப் பச்சைதானே? யாரோ நல்லா நடக்கறாங்க.”

ஷாஹிதா வீட்டில் திரைச்சீலையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. “எனக்கே வெக்கமா இருக்குக்கா. சம்பந்தம் சார்தான் தினமும் போறார்னு நினைச்சேன். அவர் இல்லையா?” என்றாள். பிறகு, “இன்னும் ரெண்டு சுண்டல் பொட்டலம் இருந்தா குடுங்கக்கா. இந்த வெயில்லயும் பசி தாங்கல” என்றாள்.

இரண்டாம் மாடி லோகநாதன் ஷாஹிதா நடப்பதாக நினைத்திருந்தார். ஒவ்வொருவரும் வேறொருவரைச் சொன்னார்கள். யாரும் பொய் சொல்வதாக எஸ்தருக்குத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவளாலும் யாரையும் கடிந்துகொள்ள முடியவில்லை. ஏப்ரல் நடுவிலேயே அவள் நடப்பதை நிறுத்தியிருந்தாள். எட்டு மணி நேரம் அடுப்படியில் நிற்பதே நடைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். நிற்பதைப் பட்டை கணக்கில் எடுக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பலகை இரண்டு காட்டியது. நான்கு மணிக்கு அடுக்களையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தாள். முப்பத்தேழு. பச்சை.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

பட்டை பழுதாகி இல்லாத கணக்கைக் காட்டுகிறதோ என்று சந்தேகம் வந்தது. அப்படியானால் ஞானப்பிரகாசத்துக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்கு ஓடி அவரைப் பார்த்தாள். ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

“என்னங்க, உடம்புக்கு முடியலையா?”

“வெயில்ல எல்லாருக்கும் இப்படித்தான். பலகை என்ன நிறம்?”

“பச்சை.”

“அப்புறம் என்ன,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நான்கு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் இரண்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டு, உதவிக்கு இருந்த பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள். வீடு திறந்து கிடந்தது. கட்டிலில் அவர் இல்லை. மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தாள். எல்லார் வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. குளிர்கருவிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை. கடைசியாகக் கீழ்த்தளத்து வண்டி நிறுத்தத்துக்கு இறங்கினாள்.

இருட்டுக்குக் கண் பழகுமுன்பே குரல் கேட்டது. “லெஃப்ட்... ரைட்... லெஃப்ட்...” ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு கிழிந்தது.

தூண்களுக்கு நடுவே பனியன் முதுகோடு ஒட்டியிருக்க, முழங்கையை மடக்கிக்கொண்டு ஞானப்பிரகாசம் வேகநடை நடந்துகொண்டிருந்தார்.

“என்னங்க இது?”

அவர் நிற்கவில்லை. “இன்னும் பத்து சுத்து. பேச்சுக் குடுக்காத எஸ்தர், மூச்சு போயிடும்.”

அவள் குறுக்கே போய் நின்று தோளைப் பிடித்தாள். தோல் கொதித்தது. “யாரைக் கேட்டு நடக்கறீங்க? எத்தனை நாளா?”

“ஏப்ரல் கடைசியில இருந்து. யாரும் வரலை. ரெண்டு நாள் மஞ்சளாயிடுச்சு, நீ பாக்கலை. மூணாவது நாளும் போச்சுன்னா கலைச்சிருப்பாங்க.”

“கலைச்சா கலைக்கட்டும். உங்களுக்காகக் கட்டினதுதானே? நீங்களே நடந்து நீங்களே வாங்கிக்கவா வளையம்?”

“எனக்கா?” என்று சிரிக்கப் பார்த்தார். “வளையத்துல சேர்றதுக்கு முன்னாடி உன் சக்கரை இருநூத்தி நாப்பது. போன வாரம் எவ்வளவு?”

எஸ்தரின் கண் தன் கைப்பட்டைக்குப் போனது. நூற்றுப் பத்து. கூழும் கீரையும் சாப்பிட்டதால் குறைந்தது என்று அடுக்களையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

“நீ நடக்கறதை நிறுத்தினது எனக்குத் தெரியாதாம்மா? பக்கத்துலதானே படுத்திருக்கேன். உங்கம்மாவுக்குக் கால் எடுத்த மாதிரி உனக்கும்...” என்றவர் மேலே பேசாமல் பக்கத்துத் தூணைப் பிடித்தார். பிடித்த கை வழுக்கிக்கொண்டே இறங்கியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கழித்து அவர் கண் விழித்தார். பார்த்த டாக்டர் வயதில் சின்னவள், நிதானமாகப் பேசினாள். “தினம் மூணு மணி நேரம் நடந்த பாரம் முழுசும் அவர் ஒருத்தர் இதயம் தாங்கியிருக்கு. பலன் மட்டும் பன்னெண்டுல ஒரு பங்கு அவருக்கு. மிச்சம் பதினோரு பங்கும் வெளியே போயிருக்கு. களைப்பைப் பங்கு போடற பட்டையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கலையே அம்மா.”

“பட்டையைக் கழட்டிடலாமா?”

“அவர் நடக்கவே கூடாது, ஆறு வாரத்துக்கு. ஆனா அந்தச் செய்திப் பொருள் இல்லாம இந்த இதயம் தேறாது. நிஜமாவே நடக்கற ஒருத்தரோட அவரைச் சேர்க்கணும். ரெண்டே பேர் இருந்தாலும் போதும்.”

மத்தியானம் மூன்று மணிக்குக் குடியிருப்பிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். இளநீரும் நுங்கும் கொண்டுவந்தார்கள். அவர் தூங்கிக்கொண்டிருந்ததால் தாழ்வாரத்துப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடந்ததை எஸ்தர் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். தன் சர்க்கரையையும் சொன்னாள். ஷாஹிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தம் தரையைப் பார்த்தபடி, “சார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. வருத்தம் உண்மையானதுதான்.

“நாளைக் காலைல யாரெல்லாம் நடப்பீங்க?” என்று எஸ்தர் கேட்டாள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லோகநாதன் தொண்டையைச் செருமினார். “இந்தக் கத்திரி முடியட்டும்மா. அப்புறம் எல்லாருமா சேந்து...”

“கத்திரி முடிய இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அவருக்கு நாளைக்கு வேணும்.” எஸ்தர் தன் கைப்பட்டையைத் தொட்டாள். “நான் வளையத்தைக் கலைக்கச் சொல்லி எழுதிட்டேன். இனிமே நானும் அவரும் மட்டும். தினம் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு ரெண்டு மணி நேரம் நான் நடக்கறேன். பாதி அவருக்குப் போகும்.”

வெளியே வெயில் கண்ணாடி ஜன்னலில் வெள்ளையாக நின்றது.

ஷாஹிதாதான் முதலில் நிமிர்ந்தாள். “கண்டிப்பா நடப்பீங்களாக்கா? தினமுமா?”

“நடக்காம? அவர் உயிராச்சே.”

“அப்ப...” என்று தயங்கினாள். மற்றவர்களைப் பார்த்தாள். “எங்களையும் உங்க வளையத்துலயே சேத்துக்கோங்களேன். நீங்கன்னா நிச்சயம் நடப்பீங்க. எங்களால முடியறப்ப நாங்களும் வருவோம்.”

சம்பந்தம் தலையசைத்தார். லோகநாதனும் அசைத்தார். யார் முகத்திலும் கள்ளம் இல்லை. நல்ல யோசனை ஒன்று கிடைத்த நிம்மதிதான் இருந்தது.

எஸ்தர் திரும்பினாள். உள்ளே போனாள். தூங்குகிறவரின் மெலிந்த கையை எடுத்து, பட்டையின் முகப்பைத் தன் பட்டையோடு ஒட்டவைத்தாள். எத்தனை பேர் என்று அது கேட்டது. இரண்டு என்று அழுத்தினாள். மேலும் உறுப்பினர் சேர்க்கலாமா என்று மறுபடியும் கேட்டது. இல்லை என்று அழுத்தினாள்.

செருப்பை உதறிவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து நடக்கத் தொடங்கினாள். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு எழுபது அடி. பத்தாவது நடையில் முழங்கால் வலித்தது. இருபதாவதில் மூச்சு வாங்கியது. ஏழு பேரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் கடந்து போகும்போதெல்லாம், அவளுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று, மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டார்கள்.