சிர்க்காவின் முறை

மண்ணுக்குள் போய் ஒன்பது மாதமான தன் மனைவி சிர்க்காதான் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வடக்கே பனிமலையில் வீடு பிடித்துக் கொடுத்தாள் என்று ஆர்மாஸ் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மருந்துக் கடையில் சொன்னார். நூலகத்தில் சொன்னார். பல் பிடுங்க வாயைத் திறந்து படுத்திருந்தபோதும் சொன்னார். மருத்துவருக்குப் பாதிதான் புரிந்ததாம். "உயிரோட இருந்தப்ப ஒரு வேலையையும் ஒரே தடவைல முடிக்க மாட்டா. இப்ப பாருங்க, ஒரே போன்ல முடிச்சிட்டா" என்று பெருமை வேறு.

யாரும் நம்பவில்லை. நம்பும்படியான ஆளும் இல்லை அவர். முப்பத்தெட்டு வருடம் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு வருடப் பனியில் முழுசாகப் புதைந்துபோன தேவாலயத்தைத் தோண்டி எடுத்ததாகவும், உள்ளே பாதிரியார் போன ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தையே இன்னும் முடிக்காமல் நின்றிருந்ததாகவும் சொல்பவர். ஊரார் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் ஒருத்தி. அவர் மகள் தைனா.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. மார்ச் மாதம் அம்மாவைப் புதைத்த நாளிலிருந்து அவளுக்கு எதுவுமே வருவதில்லை. மரத்துப்போகும் ஊசி போட்ட உதடு எப்படி இருக்கும்? முகத்தில்தான் இருக்கும், ஆனால் தன்னுடையதாக இருக்காது. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

பயணம் அவளுடைய திட்டம். ஊரில் இருந்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எல்லாரையும் போலக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். கல்லில் அம்மாவின் பெயரைப் பார்க்க வேண்டும். எழுநூறு கிலோமீட்டர் வடக்கே ஓடிவிட்டால் பார்க்க வேண்டியதில்லை. அதனால் நவம்பரில் ஒரு சனிக்கிழமை, சமையலறை மேசையில் கணவன் ஏரோவையும் அப்பாவையும் உட்கார வைத்துக் காகிதத்தில் எழுதினாள். உப்பிட்ட பன்றித் தொடை ஒன்று. கிழங்குப் பதார்த்தம் இரண்டு. பனிச்சறுக்குக் கட்டை ஏரோவுக்கு மட்டும். கட்டில் மூன்று.

ஆர்மாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். "சௌனா முறை எழுதலியேம்மா. ஆவிக் குளியலுக்கு யாரு முதல்ல, யாரு அப்புறம்னு."

"எதுக்கு எழுதணும். மூணு பேருதான. நாங்க போயிட்டு வந்ததும் நீங்க போங்க. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும், பத்து நிமிஷத்துக்கு மேல ஆவில உக்காரக் கூடாது."

"கடைசி முறை?"

"அது இந்த வருஷம் கிடையாதுப்பா."

ஏரோ காபிக் கோப்பைக்குள் பார்த்தான்.

அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் சௌனாவில் கடைசி முறை உயிரோடு இருப்பவர்களுக்கு இல்லை. எல்லாரும் குளித்து முடித்த பிறகு சிர்க்கா கல்லடுப்பில் இன்னும் இரண்டு விறகு வைப்பாள், வாளியில் புதுத் தண்ணீர் நிரப்புவாள், ஒரு துண்டை மடித்து வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருவாள். போய்ச் சேர்ந்தவர்கள் வந்து குளித்துவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் உள்ளே உட்கார்ந்த உயிருள்ள ஆள் அடுத்த கிறிஸ்துமஸைப் பார்த்ததில்லை என்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்க மாட்டாள்.

"வாடகை வீட்டுல கரண்ட் அடுப்பு. நேரமாச்சுன்னா தானே அணைஞ்சிடும்" என்று சொல்லி தைனா காகிதத்தை மடித்தாள்.

நான்கு நாள் கழித்து மலையிலிருந்து தொலைபேசி வந்தது. வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஐலா.

"நேத்து சொன்ன மாதிரி மாத்திட்டேம்மா. ஓரத்துல இருக்கற பழைய வீடு. விறகு அடுப்பு சௌனாதான். கட்டிலும் நாலு போட்டாச்சு."

"நேத்து நான் பேசலியே."

"நீங்க இல்ல, உங்க வீட்டுப் பெரியம்மா. மெதுவா பேசினாங்க. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல மூச்சு வாங்கிச்சு. எப்ப வர்றீங்கன்னு கேட்டேன். அவங்க முதல்ல வருவாங்க, நான் கடைசில வருவேன்னு சொன்னாங்க."

சிர்க்கா நுரையீரல் நோயில் போனவள்.

தைனா அப்பாவிடம் போய் நின்றாள். "யாரப் பேச வச்சீங்க? மருந்துக் கடைக்காரம்மாவா?"

ஆர்மாஸ் விழித்தார். பிறகு அந்த முகத்தில் எட்டு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் மெல்ல ஏறியது. அன்று ஆரம்பித்ததுதான் ஊர்ப் பிரதாபம்.

*

இருபத்து மூன்றாம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். கார்க் கதவைத் திறந்ததும் மூக்குக்குள் ஈரம் உறைந்து நறநறத்தது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி. சறுக்கு மேட்டின் விளக்குகள் தூரத்தில் மஞ்சளாக எரிந்தன. அந்த வெளிச்சம் முடிந்த இடத்தில் வீடு தொடங்கியது. மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய கறுத்த வீடு. பின்னால் முப்பதடி தள்ளிச் சின்னச் சௌனாக் குடில். அதற்கப்புறம் காடு.

உள்ளே புகையும் தாரும் கலந்த வாசனை. நான்கு கட்டில்களுக்கும் விரிப்பு போட்டிருந்தது. நான்காவதின் தலையணையில் பள்ளம் இருந்தது.

"நான் பைய வச்சிருப்பேன்" என்றான் ஏரோ.

தைனா அவன் பையைப் பார்த்தாள். அது இன்னும் கதவருகே நின்றது. பயப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

மறுநாள் சூரியன் எழவில்லை. அந்தப் பக்கத்தில் டிசம்பரில் எழுவதில்லை. வெளியே நீலமாக ஒரு வெளிச்சம் வந்து பார்த்துவிட்டுப் போனது. நண்பகலில், வருடா வருடம்போல, கிறிஸ்துமஸ் அமைதி தொடங்கியதாக வானொலி அறிவித்தது. அரிசிக் கஞ்சி குடித்தார்கள். இரண்டு மணிக்கு ஏரோவும் தைனாவும் சௌனாவுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். மூன்று மணிக்கு, முழு இருட்டில், ஆர்மாஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"பத்து நிமிஷம்தான்ப்பா. நீங்க வந்ததும் நான் போய் அடுப்பக் கிளறி அணைச்சிடறேன்."

"அணைக்கலாம், அணைக்கலாம்." வாசலில் நின்று திரும்பினார். சுத்தமாகச் சவரம் செய்திருந்தார். தலை வாரியிருந்தார். குளிக்கப் போகும் மனிதன் எதற்குத் தலை வார வேண்டும்?

"இந்தத் தடவ கடைசி முறைல நானும் உக்காரப் போறேன் தைனா" என்று காற்றிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அப்பாவின் வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டாள். ஏரோ சாய்ந்து தூங்கிப்போனான். அடுப்பில் பன்றித் தொடை சிவந்துகொண்டிருந்தது.

பத்து நிமிடம். இருபது. இருபத்தைந்து.

ஜன்னல் வழியே பார்த்தாள். குடிலின் புகைபோக்கியிலிருந்து புகை புதிதாக, தடிமனாக எழுந்தது. யாரோ விறகு வைத்திருக்கிறார்கள்.

தலையில் சுற்றிய ஈரத் துண்டோடு மேலங்கியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். காலடியில் பனி கண்ணாடிபோல நொறுங்கியது. வேறு சத்தமே இல்லை. குடிலை நெருங்கியதும் கேட்டது.

அப்பாவின் பேச்சு. தணிந்த, சந்தோஷமான பேச்சு. அது, குளிப்பவர்கள் உட்காரும் மேல் பலகையின் மூலையிலிருந்து வந்தது.

கதவுக்குப் பக்கத்திலிருந்து, அகப்பை வாளியில் மோதும் சத்தம். அடுப்பின் சுட்ட கல்லில் தண்ணீர் விழுந்து சீறியது.

பேச்சு நிற்கவில்லை.

"அப்பா."

பேச்சு நின்றது. "வந்துட்டியா. கதவத் தொறக்காத. சூடு போயிடும்."

"அரை மணி ஆகப் போகுது. வெளிய வாங்க."

"அப்படியா. இப்பதான உக்காந்தேன். அம்மா கேக்கறா. என் முறைய ஏன் எழுதாம விட்டன்னு கேக்கறா."

மறுபடி அகப்பை. மறுபடி சீறல்.

தைனா கைப்பிடியை இழுத்தாள். சௌனாக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, யாரும் வைப்பதில்லை. கதவு அசையவில்லை. உறைந்து ஒட்டிக்கொண்டது போலவும் இல்லை. அவள் எவ்வளவு இழுத்தாளோ அவ்வளவே உள்ளிருந்தும் இழுக்கப்பட்டது. மெதுவாக இழுத்தால் மெதுவாக. வேகமாக இழுத்தால் வேகமாக.

"அப்பா, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா." குரல் தேய்ந்திருந்தது. "சூடும் தெரியல. குளிரும் தெரியல. ஒண்ணுமே தெரியல. நல்லா இருக்கு."

தைனாவின் கை கைப்பிடியிலேயே நின்றது. அந்த இடம் அவளுக்குத் தெரியும். ஒன்பது மாதமாக அவள் அங்கேதான் குடியிருந்தாள்.

"அது நல்லா இல்லப்பா" என்றாள்.

அவள் கதவில் நெற்றியை வைத்தாள். பலகை சூடாக இருந்தது. முதுகுப் பக்கம் முப்பத்தொன்று.

"அம்மா" என்று கிசுகிசுத்தாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. "உன் பேரக் கல்லுல பாக்கப் பயமா இருந்துச்சு. அதான் இவ்ளோ தூரம் ஓடி வந்தேன். உன் முறைய எழுதாம விட்டது நான். அவர் இல்ல. அவர் கேட்டாரு, நான்தான் கிடையாதுன்னுட்டேன்."

உள்ளே விறகு ஒன்று வெடித்தது.

"அவர அனுப்பும்மா. நான் அணைக்க மாட்டேன். எல்லாம் வச்சுட்டுப் போறேன். எனக்கு அவரும் இல்லாம முடியாது."

பிறகு அகப்பையை யாரோ வாளிக்குள் பதமாக வைத்தார்கள்.

கதவு திறந்தது. அவள் இழுக்கவில்லை. ஆர்மாஸ், அந்த ஆறடி உடம்பு, நெஞ்சு முன்னால் வர, கால் பின்னால் வர, அவள் மேல் வந்து விழுந்தார். இருவரும் பனியில் உருண்டார்கள். அவர் தோல் வேகவைத்த நண்டாகச் சிவந்திருந்தது. மூச்சு இருந்தது.

"ஏரோ" என்று அவள் கத்தியதில் ஏரோ வெறுங்காலோடு ஓடி வந்து மாமனாரைத் தூக்கிக்கொண்டு போனான்.

தைனா மட்டும் குடிலுக்குள் திரும்பிப் போனாள். மேல் பலகையைப் பார்க்கவில்லை. இரண்டு விறகு வைத்தாள். தொட்டியிலிருந்து மொண்டு வாளியை நிரப்பினாள். வைப்பதற்கு வேறு துண்டு இல்லை. தன் தலையில் இருந்ததை அவிழ்த்து மடித்துக் கீழ்ப் பலகையில் வைத்தாள்.

தார் சோப்பு வாசனை வந்தது, அம்மா எப்போதும் போடுவது. அவர்கள் யாரும் தார் சோப்பு கொண்டுவரவில்லை.

கதவைச் சாத்தினாள். பின்னால் மேல் பலகை ஒரு முறை கிறீச்சிட்டது, வயசான ஒருத்தி சாவகாசமாகக் காலை நீட்டிக்கொள்வதுபோல.

வீட்டில் ஆர்மாஸ் மூன்று கோப்பை தண்ணீர் குடித்தபின் வாய் திறந்தார். "தள்ளிட்டா. நாப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவன ரெண்டு கையால நெட்டித் தள்ளிட்டா."

"மயக்கத்துல கதவுமேல சாஞ்சிருப்பீங்க மாமா."

"சாஞ்சவன் இப்படியாடா மாப்ள பறப்பான்? பத்தடி பறந்தேன்."

தைனாவின் கன்னம் ஈரமாக இருந்தது. இமையில் உறைந்த பனி உருகுகிறது என்று நினைத்துத் துடைத்தாள். இறைச்சியை வெட்டிப் பரிமாறி முடிக்கும்வரை அது உருகிக்கொண்டே இருந்தது. விரல் நுனிகள் வலிக்கத் தொடங்கின. நன்றாக வலித்தன.

*

கிறிஸ்துமஸ் அன்று பதினொரு மணிக்கு நீல வெளிச்சம் வந்தபோது ஐலா பனிவண்டியில் விறகு கொண்டுவந்தாள். எஞ்சினை நிறுத்துமுன்பே ஆர்மாஸ் தொடங்கிவிட்டார். பனி கூரை மட்டத்துக்கு நின்றது. குளிர் ஐம்பதைத் தொட்டது. குடில் கதவு இரும்பு, அதைப் பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. மனைவி அவரைத் தள்ளிய தள்ளில் ஒரு பைன் மரம் சாய்ந்தது.

ஐலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பெரியம்மா கடைசில வருவேன்னாங்களே, வந்தாங்களா இல்லியா?"

"அத இவகிட்ட கேளு. நான் சொன்னா இவ ஒண்ணையும் நம்ப மாட்டா" என்றார் ஆர்மாஸ்.

ஐலா தைனாவைப் பார்த்தாள். தைனா குடில் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐலாவும் அங்கே திரும்பினாள். சிரிப்பு நின்றது.

குடிலுக்கு வெளியே, குளித்தவர்கள் ஆற உட்காரும் பெஞ்சில், தைனா உள்ளே மடித்து வைத்த துண்டு இருந்தது. ஈரத்தோடு வெளியே வந்து உறைந்துபோன துண்டு. அது மடிந்து கிடக்கவில்லை. ஒடுங்கிய இரண்டு தோள்களின் வளைவோடு, முன்பக்கம் போர்த்திப் பிடித்தபடி, நேராக உட்கார்ந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. பெஞ்சைச் சுற்றிப் பனியில் ஒரு சுவடும் இல்லை.

தோள்களுக்கு மேலே, வாய் இருந்திருக்க வேண்டிய உயரத்தில், வெள்ளையாக ஆவி எழுந்தது. நின்றது. மூச்சு வாங்குவதுபோல மறுபடி எழுந்தது.

"பனி முழங்கால் வரைக்கும்தான் ஐலாம்மா" என்றாள் தைனா. "குளிர் முப்பத்தொண்ணு. கதவு மரக்கதவு. எந்த மரமும் சாயல."

வலிக்கும் விரல்களை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் நடந்துச்சு."