வலது இருக்கை

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கேப்டன் ஒரு விமானம் நிறைய ஆட்களைக் கொன்றார். கொன்று முடித்ததும் அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வர, எழுந்து ஓடினார். பாலும் போயிருந்தது.

கேப்டன் என்றால் நிஜக் கேப்டன் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பட்டம் மாப்பிள்ளை கொடுத்தது. அவர் கேலியாகத்தான் கொடுத்தார். இவர்தான் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி நெஞ்சில் குத்திக்கொண்டார். மகள் ஒரு காலத்தில் படித்த பின்னறையில் ஜெட் விமானத்தின் மூக்கு ஒன்று பாதி வளர்ந்து நின்றது. மூன்று திரைகள், காலுக்கு இரண்டு பெடல், நடுவில் இன்ஜினுக்கு ஒன்றாக இரண்டு லீவர், காயலான் கடையில் ஏதோ விபத்துக் கார்களிலிருந்து கழற்றி வந்த இரண்டு இருக்கைகள், வலதின் அடியில் மட்டும் தீப்பட்ட கரி. திரையில் வெளிச்சம் விழக்கூடாதென்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தார். எப்பேர்ப்பட்ட வெயிலாக இருந்தாலும் அந்த அறைக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

இப்படித் தங்கள் வீட்டிலேயே கணினியில் விமானம் ஓட்டி விளையாடுகிற மற்றவர்கள் பனிமலை மேலும் கடல் மேலும் பறந்து ரசிப்பார்கள். இவருக்கு அதில் நாட்டமில்லை. ஓடுபாதையில் வேகம் பிடித்து, இனி நிறுத்தவே முடியாது என்கிற கட்டத்தைத் தாண்டியதும் ஒரு இன்ஜின் சாக வேண்டும். எது சாகும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியக்கூடாது. அதைக் கணினியின் இஷ்டத்துக்கு விட்டுவிடுவார். மிச்சமிருக்கிற ஒற்றை இன்ஜினை வைத்துக்கொண்டு மேலே ஏறி, சுற்றி, பத்திரமாகத் திரும்பி இறங்க வேண்டும். அது ஒன்றுதான் பயிற்சி. திரும்பத் திரும்ப அதேதான்.

அதற்கு ஒரு முறை உண்டு. செத்த இன்ஜினை அணைப்பதற்கு முன் ஓட்டுகிறவர் அதன் லீவர் மேல் கையை வைக்க வேண்டும், இழுக்கக்கூடாது. பக்கத்து இருக்கைக்காரரிடம், “இடது இன்ஜின், சரிதானா?” என்று கேட்க வேண்டும். அவர் கருவிகளைப் பார்த்து “சரி” என்ற பிறகுதான் இழுக்கலாம். பதற்றத்தில் நன்றாக ஓடுகிற இன்ஜினை அணைத்துத் தொலைத்துவிடக்கூடாதே என்பதற்காக ஏற்பட்ட வழக்கம்.

அந்தச் “சரி”யை வருஷக்கணக்காகச் சொன்னவர் அவர் மனைவி.

“தமிழ்ல கேக்கறதா இருந்தா உக்கார்றேன். இங்கிலீஷ்ல கத்தினீங்கன்னா எழுந்து போயிடுவேன்,” என்பது அவருடைய நிபந்தனை. மடியில் ஊசியும் நூலுமாக ஏதாவது பின்னிக்கொண்டு வலது இருக்கையில் உட்காருவார். “வலது இன்ஜின், சரிதானா?” என்றால் தலை நிமிராமல் “சரி” வரும். இடது என்றாலும் சரி. ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே, “ரெண்டையும் அணைக்கப் போறேன், சரிதானா?” என்று கேட்டார்.

“சரி. இறங்கினதும் கடைக்குப் போய் நீல நூல் வாங்கிட்டு வாங்க.”

போன வருஷம் மனைவி போய்விட்டார். ஆஸ்பத்திரியில், தூக்கத்தில். யாரையும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு கேள்வியும் கேப்டன், பதிலும் கேப்டன். கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று கேட்பது அவர் பிழைப்பு. கேட்ட கேள்விக்கெல்லாம் அங்கே பதில் வரும். வீட்டில் அந்த வசதி இல்லை. தானே கேட்டுத் தானே பதில் சொல்வதில் என்ன சிக்கல் என்றால், நமக்கு நாமே “இல்லை” சொல்லிக்கொள்வதில்லை. அன்று மதியம் நடந்தது அதுதான். செத்தது இடது. இவர் வலதின் மேல் கை வைத்து, “சரிதானா?” என்று கேட்டு, அதே மூச்சில் “சரி” என்று சொல்லி இழுத்துவிட்டார். அப்புறம் திரை முழுக்கத் தரைதான்.

அடுப்பைத் துடைத்தார். தீய்ந்த பாத்திரத்தை ஊறப்போட்டார். போன மானத்தை மீட்பதற்காகத் திரும்ப வந்து உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

ஓடுபாதை பின்னால் நழுவியது. விமானம் தரையை விட்டது. ஒரு உறுமல் கம்மி, மெலிந்து, நின்றது. மூக்கு பக்கவாட்டில் இழுத்தது. பெடலை மிதித்து நேராக்கினார். சக்கரங்களை உள்ளே இழுத்தார். உயரம் ஏறக் காத்திருந்தார். லீவர் மேல் கையை வைத்தார்.

“வலது இன்ஜின், சரிதானா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

“இல்லை.”

அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

“இடது.”

கிசுகிசுப்பு. ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத, தொண்டை காய்ந்துபோன ஒரு மூச்சு. கருவிகளைப் பார்த்தார். ஆமாம், இடதுதான். கை தானாக மாறியது. இழுத்தது. ஒற்றை இன்ஜினில் சுற்றி வந்து பூப்போல இறக்கினார். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பயிற்சி அப்படி.

மெதுவாக வலப்பக்கம் திரும்பினார்.

இருக்கையில் யாரும் இல்லை.

ஆனால் அதன் மெத்தை அமுங்கியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுந்து, பழையபடி ஆனது. தீயை அணைத்த இடத்தில் எழுமே, நனைந்த சாம்பல் வாசனை, அது லேசாக வந்து போனது.

வேறு யாராக இருந்தாலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பார்கள். கேப்டன் எழுந்து போய் மேஜை மின்விசிறியை எடுத்துவந்து வலது இருக்கையைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அவளுக்குப் புழுக்கம் ஆகாது.

மறுநாளிலிருந்து கடையைச் சீக்கிரம் சாத்த ஆரம்பித்தார். கண் பரிசோதனைக்கு வந்த ஒரு ஆசிரியையை, “உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா,” என்று பாதியில் அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்ததும் நேரே பின்னறை. இன்ஜின் சாகும். கேள்வி கேட்பார். பதில் வரும். வேண்டுமென்றே தப்பாகக் கேட்டால் “இல்லை.” ஒழுங்காகக் கேட்டால் “சரி.” ஒருமுறைகூடத் தவறியதில்லை.

வேறு பேச்சுக்குப் பதில் கிடையாது. கடையில் நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். முட்டி வலியைச் சொல்லிப் பார்த்தார். ஒருநாள் கூச்சத்தை விட்டு, “அங்க எப்படி இருக்கு உனக்கு?” என்றுகூடக் கேட்டார். மின்விசிறி மட்டும் சுற்றியது.

சில விஷயங்கள் உதைக்கத்தான் செய்தன. மனைவி கொஞ்சமாய்ப் பவுடர் போட்டுக்கொள்பவர். வந்ததோ சாம்பல் வாசனை. போன இடத்தில் பவுடர் கிடைக்காதோ என்னவோ என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மனைவி ஒல்லி, மெத்தை அமுங்கிய பள்ளமோ அகலமானது. மனைவி வாழ்நாள் முழுக்க அந்த இருக்கையில் உட்கார்ந்து ஒரு “இல்லை” சொன்னதில்லை. போன பிறகுதான் கவனிக்க நேரம் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“நீதானே?” என்று மட்டும் கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுவார். அந்தக் குரல் முகத்தாட்சணியத்துக்குச் சரி சொல்லும் குரல் இல்லை.

அந்த வாரத்தில் மகள் போன் செய்தபோது இவர் வானத்தில் இருந்தார். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, “ஒரு நிமிஷம்மா, இன்ஜின் போயிடுச்சு,” என்றார்.

“உங்களுக்கு எப்பத்தான் போகல?”

“இடது இன்ஜின், சரிதானா?”

“சரி.”

இழுத்தார். போனில் சத்தமே இல்லை.

“அம்மாடி? இருக்கியா?”

“அப்பா.” மகளின் குரல் இறங்கியிருந்தது. “கூட யாரு?”

“உனக்குக் கேட்டுச்சா!” அவருக்குச் சந்தோஷத்தில் பெடலில் இருந்த கால் நழுவிவிட்டது. “அம்மாதான்! அம்மா குரல்தானே?”

“லைன் சரியில்லப்பா. நாங்க சனிக்கிழமை வர்றோம். துணிமணி எடுத்து வைங்க.”

சொன்னபடி சனிக்கிழமை மதியம் வந்தார்கள். தங்கள் வீட்டு மாடியறையைக் காலி செய்து வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். கேப்டன் இனி அங்கேதான் இருக்க வேண்டும் என்பது மகளின் முடிவு. அந்த அறைக்குள் கட்டில் போகும், அலமாரி போகும், விமானம் போகாது.

“கேப்டன், விமானத்தை இங்கேயே நிறுத்திட்டு வாங்க. ஒருத்தரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க,” என்றார் மாப்பிள்ளை. “எங்க வீட்ல இன்ஜின் எல்லாம் நல்லா ஓடுது. உங்க பொண்ணு வாய் மாதிரி.”

மகள் சிரிக்கவில்லை. நேரே பின்னறைக்குப் போனாள். விளக்கு ஸ்விட்சைத் தட்டினாள். அந்த அறை பல்புக்கு வெளிச்சம் தரும் எண்ணமே கிடையாது. சின்ன வயசில் தான் படித்த அறை என்கிற உரிமையில் வலது இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

“என்னம்மா?”

அவள் தன் முழங்கைகளை மாறி மாறித் தேய்த்துக்கொண்டாள்.

“யாரோ மடியில உக்காந்த மாதிரி இருந்துச்சு.”

மாப்பிள்ளையின் வாயில் தயாராக இருந்த நகைச்சுவை அப்படியே உள்ளே போய்விட்டது. “நான் கார்ல ஏசி போட்டு வைக்கறேன்,” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

“சின்னப் பிள்ளையில அம்மா மடிய விட்டு எறங்கவே மாட்டியே நீ,” என்றார் கேப்டன் கெஞ்சலாக. “அந்த மடிதானே? உனக்குத் தெரியாதா?”

“சாப்ட்டீங்களாப்பா?”

“போன்லயும் கேட்ட. அம்மா குரல்தானே?”

“மாத்திரை எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?”

“ஏன் எல்லாரும் சுத்தி வளைக்கறீங்க? நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்ற?” அவர் வலது இருக்கையைக் காட்டினார். “இங்க பாரு. அவ இங்க இல்லன்னு யாராவது சொன்னா, இந்த நிமிஷமே செருப்ப மாட்டிட்டு வந்துடறேன். அவ இருக்கான்னா, தனியா விட்டுட்டு நான் எப்படி வர்றது? இங்க வேற யாரு இருக்கா அவளுக்கு?”

மகள் இருக்கையைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

“கார்ல இருக்கோம். வாங்கப்பா. தயவு செஞ்சு வந்துடுங்க.”

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வீடு அடங்கியது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. கேப்டன் கறுப்புத் துணி போட்ட இருட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இடது இருக்கையில் உட்கார்ந்தார். திரைகளைப் போடவில்லை. கணினியைத் தொடவில்லை. ஹெட்போன் மேஜை மேல் வயர் கழன்று கிடந்தது.

சாம்பல் வாசனை வந்தது.

வலப்பக்கத்தில் மெத்தை அமுங்கும் சத்தம். பாரமான ஒருவர், களைப்போடு, பார்த்து உட்காரும் சத்தம்.

மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் அவர் காதோரத்து முடி அசைந்தது.

வெளியே கார் ஹாரன் ஒருமுறை மெதுவாக அடித்தது.

எந்த மாதிரிக் கேள்விக்கு மட்டும் அந்தக் குரல் பதில் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை நாள் தெரிந்தேதான் இருந்தது. கையை நீட்டி, லீவர் மேல் வைப்பதைப் போலவே, வலது இருக்கையின் முதுகில் வைத்தார். சில்லென்று இருந்தது. கையை எடுக்கவில்லை.

“வலது இருக்கை,” என்றார். செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். “வலது இருக்கை. என் மனைவி. சரிதானா?”

எப்போதும் கேட்ட மாத்திரத்தில் வரும் பதில் இந்த முறை வரவில்லை. அருகில் யாரோ மூச்சை இழுத்தார்கள். விட்டார்கள். சொல்ல மனமில்லாதவரைப் போல மறுபடி இழுத்தார்கள்.

“இல்லைங்க,” என்றது அது, முடிந்தவரை மெதுவாக. “அவங்க அன்னைக்கே போயிட்டாங்க. நான்தான் போகல.”