எழுத்தில்லாத மூலை

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. வரலாற்று அறையில் மாதவன் சார் போட்ட கூச்சலில், வராந்தாவில் தண்ணீர்க் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்த அபிராமி டீச்சர் கேனை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

மேசைமேல் மைப்படி விரிந்து கிடந்தது. அதன் வலதுபக்கக் கீழ்மூலையைக் காணோம். கிழியவில்லை. யாரோ நேர்கோட்டில், நிதானமாக, ஒரு சாண் சதுரத்துக்கு வெட்டி எடுத்திருந்தார்கள்.

விடிந்தால் களப்பயணம். திருப்பூர் சுற்றுவட்டாரத்து வரலாற்று ஆசிரியர்கள் ஒரு பஸ் நிறைய கொமரலிங்கத்துக்குக் கிளம்புகிறார்கள். அங்கே அமராவதிக் கரையில் ஒரு காலத்தில் எழுத்துள்ள நடுகல் ஒன்று நின்றது. வாய்க்கால் வேலை நடந்தபோது கல் போன இடம் தெரியவில்லை. மிச்சமிருப்பது இந்த மைப்படி மட்டும்தான். ஈரக் காகிதத்தைக் கல்லோடு ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றி எடுத்த நகல். கல் நின்ற இடத்திலேயே நாளை அதை அருங்காட்சியகத்துக்காரர்களிடம் ஒப்படைப்பதாக ஏற்பாடு. பயணத்தின் பொறுப்பு முழுவதும் அபிராமியின் தலையில்.

மாதவன் சார் குனிந்து வரிகளை விரல் வைத்து எண்ணினார். முகம் தெளிந்தது.

"எழுத்து பூராவும் இருக்குதுங்க டீச்சர்! போனது வெறும் வெள்ளை ஓரம். தப்பிச்சோம்."

"அப்ப எலியா இருக்கும் சார்" என்றாள் இளைய ஆசிரியை நதியா.

"ஸ்கேல் வெச்சு வெட்டற எலியாங்க?"

இருவரும் சிரித்தார்கள். அபிராமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களுக்கு அது வெறும் ஓரம். அவளுக்கு அந்தக் காகிதத்தில் அந்த மூலையைத் தவிர வேறெதுவும் பெரிதில்லை.

அதில் ஒரு கை இருந்தது. பழனிமுத்து சாரின் வலது கை.

இதே பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவருமாகத்தான் அந்தக் கல்லைப் படியெடுக்கப் போனார்கள். அவள் காகிதத்தின் மேல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் மை ஒற்றினார். முடித்து எழும்போது காலிடறி, கல்லுக்கு வெளியே நீண்டிருந்த வெள்ளைப் பகுதியில் மைக்கையை ஊன்றிவிட்டார். ஐந்து விரலும் அப்படியே பதிந்தன, வளைந்த சுண்டுவிரல் உட்பட. "அடடா, கெட்டுப்போச்சுங்களே" என்று பதறினார். "இருக்கட்டும் சார்" என்றாள் அபிராமி. அதற்குமேல் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. சாத்தூரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண், தறிக்காரர் வீட்டுப் பையனிடம் எதைச் சொல்வது என்று தள்ளிப் போட்டாள். அடுத்த வருடம் அவர் தன் கல்யாணப் பத்திரிகையை முதல் ஆளாக அவளிடம்தான் கொடுத்தார். அப்புறம் ஒரு காய்ச்சலில் திடுதிப்பென்று போய்ச் சேர்ந்தார். அவள் தனியாகவே இருந்துவிட்டாள். வருடா வருடம் பிள்ளைகளுக்குக் காட்டுகிற சாக்கில் மைப்படியை விரிப்பாள். எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த மூலையைப் பார்ப்பாள். தொட்டதில்லை.

நாளையோடு அதுவும் கைவிட்டுப் போகும் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தாள். ஒரு நாள் முந்திப் போய்விட்டது.

"நேத்து சாயங்காலம் இதை விரிச்சப்ப முழுசா இருந்துச்சு. நானே பார்த்தேன்" என்றாள் மெதுவாக. "அப்புறம் எல்லாரும் போட்டோ எடுக்க வெளியே போனோம். திரும்பி வந்தா, சுருட்டி உறையில போட்டிருந்துச்சு. நான் பீரோவுல வெச்சுப் பூட்டினேன். சாவி ராத்திரி என்கிட்டதான். இப்பத்தான் எடுத்து மேசைமேல வெச்சேன். அப்ப, நடந்தது அந்தப் போட்டோ நேரத்துல. உள்ளே யார் யார் இருந்தீங்க?"

"நானுங்க" என்றார் மாதவன். "எழுத்தை மொபைல்ல எடுத்துக்கிட்டு இருந்தேன்."

"காட்டுங்க."

ஏழெட்டுப் படங்கள். எதிலும் அந்த மூலை இல்லை. அதன் இடத்தில் டி-ஷர்ட் கட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"காகிதம் சுருண்டுக்குதுன்னு நாந்தான் பாரம் வெச்சேனுங்க."

"அந்தக் கட்டை எடுத்தது யாரு?"

"கவனிக்கலீங்க. நான் போனப்ப அது அங்கேயேதான் இருந்துச்சு."

"நதியா, நீ?"

"போனை மறந்துட்டேன்னு வந்தேன் டீச்சர். மாதவன் சார்கூடவே வெளிய வந்துட்டேன். டி-ஷர்ட் குடுக்க வந்த கீர்த்தனா மட்டும் மிச்சத்தை மடிச்சு அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. அதுதான் சுருட்டி வெச்சிருக்கும்."

திருப்பூரில் நாலு பேர் சேர்ந்து எங்கே கிளம்பினாலும் முதலில் டி-ஷர்ட் அடித்துவிடுவார்கள். பஸ் சொல்வதெல்லாம் அப்புறம்தான். இந்தப் பயணத்துக்கும் அடித்தாயிற்று. தைத்துக் கொடுத்தவள் கீர்த்தனா. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு அட்டை, வெட்டுகிறவள். பழனிமுத்து சாரின் ஒரே மகள். அதனால்தான் அபிராமி ஆர்டரை அவளுக்குக் கொடுத்தாள்.

'அந்தப் பிள்ளையா? சேச்சே' என்று அபிராமி தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூளை ஒரு பக்கம் போக, மனசு வேறு பக்கம் இழுத்தது.

மாதவன் சார் துப்பறியத் தொடங்கிவிட்டார். "கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருந்திருக்குமுங்க. நில எல்லை. இல்லீன்னா புதையல். போலீசுக்குச் சொல்லிப் பயணத்தைத் தள்ளி வெச்சிரலாமுங்களா?"

"கொஞ்சம் பொறுங்க சார்."

அபிராமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெட்டிய ஓரத்தின்மேல் குனிந்தாள். பக்கவாட்டு வெட்டின் நடுவில் 'வி' போல ஒரு சின்னக் கீறல். மேல் வெட்டின் நடுவிலும் அதே போல் இன்னொன்று. கத்திரி தவறிப் பட்டது என்றால் ஒன்று இருக்கலாம். இரண்டும் சரிநடுவில் எப்படி இருக்கும்?

எதிரே நாற்காலியில் அவளுடைய டி-ஷர்ட் கிடந்தது. எடுத்து உள்புறத்தை வெளியே திருப்பினாள். கை தோளோடு சேருகிற தையலைத் தேடினாள். தையலுக்கு விட்ட விளிம்பில் அதே சின்ன 'வி'.

"நதியா, நீ காலேஜ் போகும்போது கம்பெனியில என்ன வேலை பார்த்தே?"

"செக்கிங் டீச்சர். பிசிறு வெட்டுவேன்."

"இப்படி வெட்டுவியா?"

நதியா பார்த்தாள். "இல்ல டீச்சர், இது நாட்ச். கட்டிங்ல போடறது. இந்தத் துண்டு அந்தத் துண்டோட எந்த இடத்துல சேரணும்னு டெய்லருக்கு அடையாளம்."

அபிராமிக்கும் அது தெரியும். அவள் அம்மா ஆயுசு பூராவும் அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் தைத்தாள். காகிதத்தைச் சுருட்டி உறையில் போட்டாள்.

"பயணம் உண்டு சார். எல்லாரையும் காலையில வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

பல்லடம் ரோட்டில் இறங்கி, விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே நடந்தாள். கீர்த்தனா வீட்டில்தான் இருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"உட்காருங்க டீச்சர். அம்மா கடைக்குப் போயிருக்காங்க."

"அந்த மூலையை வெட்டினது நீதானே கண்ணு?"

கீர்த்தனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"டி-ஷர்ட் கட்டு அந்தக் கையை மறைச்சிருந்துச்சு. மாதவன் சாரும் நதியாவும் போறவரைக்கும் கட்டு அங்கேயேதான் இருந்துச்சு. தனியா இருந்து அதை எடுத்தவ நீதான். கீழே கையைப் பார்த்திருக்கே. அதுமட்டும்னா நான் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். வெட்டின இடத்துல நாட்ச் போட்டிருக்கே. திருடறவன் எதுக்கு நாட்ச் போடறான்? திரும்ப ஒட்ட வைக்கணும்னு நினைக்கிற ஆள்தான் போடும்."

"கை பழக்கமுங்க" என்றாள் கீர்த்தனா. கண் நிறைந்துவிட்டது. "எதை வெட்டினாலும் போட்டுருவேன். ஆனா நெசமாலுமே திரும்பக் கொண்டாந்து ஒட்டலாம்னுதாங்க இருந்தேன். நாளைக்கே மியூசியத்துக்குப் போகுதுன்னு வெளிய பேசிக்கிட்டாங்க. மறுக்கா எப்பப் பார்ப்பேன்? தையில எனக்குக் கல்யாணமுங்க டீச்சர். தாரை வார்த்துக் குடுக்க மாமன் இருக்காரு. ஆனா எனக்கு எங்கப்பா கை வேணும். நான் நாலாப்பு படிக்கறப்ப போனவருங்க. போட்டோவுல எல்லாம் முகந்தான் இருக்குது. கையப் புடிச்சுக்கிட்டு நடந்தது நாபகம் இருக்குது, கை எப்படி இருக்கும்னு நாபகமில்லீங்க. அந்தச் சுண்டுவிரலப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு."

தன் கையை நீட்டிக் காட்டினாள். சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே கண்ணு."

"கேட்டா எதுக்குன்னு கேப்பீங்க. அழுகாம சொல்ல வராதுங்க."

அபிராமிக்கு அது புரிந்தது. சொல்ல வராமல் போனதைப் பற்றி அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கீர்த்தனா கல்யாணப் புடவை மடிப்பிலிருந்து அந்தத் துண்டை எடுத்து வந்தாள். மேசைமேல் வைத்தாள். மை மங்கவே இல்லை.

"கொண்டு போயிருங்க டீச்சர்."

அபிராமி வெகுநேரம் பார்த்தாள். எடுத்துப் பைக்குள் வைக்க எத்தனை ஆசை. "எழுத்து மியூசியத்துக்கு. கை உனக்கு. நீயே வெச்சுக்க. வெள்ளை ஓரம் கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு அவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்."

"ஏனுங்க டீச்சர்" என்றாள் கீர்த்தனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த மூலையை யாரு பார்க்கப்போறாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் எழுத்தத்தானே பார்த்தாங்க. நீங்க மட்டும் எப்படி..."

"குடிக்கத் தண்ணி குடு கண்ணு."

கீர்த்தனா நகரவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல், அலமாரியிலிருந்து பழுப்பு நிறப் பேட்டர்ன் அட்டையை எடுத்தாள். மைக்கையின்மேல் மெல்லிய தாளை வைத்து ஓரம் பிடித்து வரைந்தாள். அதை அட்டைக்கு மாற்றினாள். பெரிய கத்திரி ஐந்து விரலையும் சுற்றி வந்தது.

"பேட்டர்ன் ஒண்ணே ஒண்ணு வெச்சுக்க மாட்டோமுங்க. தொலைஞ்சா போச்சே. எப்பவும் ரெண்டு போடுவோம்" என்று நீட்டினாள். "இதுல தையலுக்கு இடம் விடலீங்க டீச்சர். நாட்சும் போடல. அப்பாவோட சரியான அளவுங்க."

அபிராமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு காலை பஸ் கிளம்பியது. ஒரே நிற டி-ஷர்ட்டில் வாத்தியார்கள் எல்லாரும் பிள்ளைகளைவிட அதிகமாகச் சத்தம் போட்டார்கள். மாதவன் சார் அவள் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஆளைக் கண்டுபிடிச்சீங்களாங்க?"

"கண்டுபிடிச்சேன் சார். அந்த மூலை யாருக்குச் சொந்தமோ, அவங்கதான் எடுத்திருக்காங்க."

"எழுத்து இருக்குதில்லீங்க, அது போதும்" என்று அவர் திருப்தியாக நகர்ந்தார்.

பல்லடம் தாண்டியதும் அபிராமி, அட்டைக் கை இருந்த மடிப் பைக்குள் தன் கையை விட்டாள். கொமரலிங்கம் வரும்வரை வெளியே எடுக்கவில்லை.